ஸ்காபரோவில் ஒரு கரம் மாலை: ஒழுங்கு செய்வோருக்கு

கனடாவின் ஸ்காபரோவில் குடியேறிய நம் முதியவர்களுக்கு நவம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்கள் மிக நீண்டவை. பனிக்காலத்தில் அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரவழைத்து, பேரப்பிள்ளைகளோடு ஒரே பலகையைச் சுற்றி உட்கார வைக்கக் கரம் (கேரம்) விளையாட்டைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஆடுதளம் 74 செ.மீ. சதுரமாக உள்ள நான்கு பலகைகளும், 63 முதல் 70 செ.மீ. வரை உயரமுள்ள தாங்கிகளும் போதும். பலகைகளை இரவு முழுவதும் காரில் விட்டுவைக்காதீர்கள். உறைந்த பலகை சூடான மண்டபத்துக்குள் வந்ததும் ஈரம் படியும் என்பதால், இரண்டு மணி நேரம் முன்னதாகவே கொண்டுவந்து, துடைத்துக் காயவிட்ட பிறகே மாவைத் தூவுங்கள். சிறுவர்கள் கூடும் இடத்தில் போரிக் பவுடரைத் தவிர்த்து உருளைக்கிழங்கு மாவைப் பயன்படுத்துவது நல்லது.

விதிகளைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் பழகியவரும் கொழும்பில் பழகியவரும் சென்னையில் பழகியவரும் தத்தம் வீட்டு விதியையே விதி என்று நம்பி வருவார்கள்; கறுப்புக்கும் வெள்ளைக்கும் வெவ்வேறு புள்ளி எண்ணியவர்களும், கட்டைவிரலால் அடிப்பது தவறு என்று கேட்டு வளர்ந்தவர்களும் அவர்களுள் இருப்பார்கள். ஆகவே 1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். கட்டைவிரல் அடி செல்லும். தன் காய் ஒன்றையாவது போட்ட பின்னரே சிவப்பைப் போடலாம், போட்டால் அதை உடனே இன்னொரு காயால் உறுதிப்படுத்த வேண்டும். எதிரணியின் எஞ்சிய காய் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, சிவப்புக்கு மூன்று. இவற்றை முதல் ஆட்டத்துக்கு முன்பே உரக்க வாசித்துவிட்டால், பெரியவர் ஒருவரை இளைஞர் திருத்த வேண்டிய சங்கடம் எழாது.

ஒவ்வோர் இணையிலும் ஒரு முதியவரும் ஓர் இளையவரும் எதிரெதிரே அமரட்டும். பதினாறு இணைகள் வந்தால் தோற்றவர் உடனே வெளியேறும் முறை வேண்டாம். பனியில் இரண்டு பேருந்து மாறி வந்தவரை ஒரே ஆட்டத்தோடு திருப்பி அனுப்புவது அநியாயம். நான்கு இணைகள் கொண்ட நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வோர் இணையும் தன் குழுவின் மற்ற மூன்று இணைகளோடும் ஆடினால் மொத்தம் 24 ஆட்டங்கள், நான்கு பலகைகளில் ஆறு சுற்றுகள். 25 புள்ளி வரை ஆட நேரம் போதாது. ஆட்டத்துக்கு முப்பது நிமிடம் என வரையறுத்தால் மூன்று மணி நேரத்தில் குழு ஆட்டங்கள் முடியும். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இன்னும் ஒரு மணி நேரம்.

அயலவர்களையும் அழையுங்கள். விரலால் வட்டுகளைச் சுண்டும் குரோக்கினோல் ஒன்ராறியோ மக்களுக்குப் பழக்கமானது. 1876ஆம் ஆண்டுப் பலகை ஒன்று இங்கு இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதை ஆடியவர்களுக்குக் கரம் விரைவில் கைவந்துவிடும்.

கடைசியாக, முதியவர்கள் திரும்பிச் செல்லும் பேருந்தின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, இறுதியாட்டம் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடியுமாறு தொடக்க நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.