சொகுசு யாட் வாங்கும்முன் என்ஜின் அறைக்குள் இறங்குங்கள்

வாங்கிய விலையில் ஏறக்குறைய 10 சதவீதம் ஆண்டுதோறும் செலவாகும் என்பது யாட் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. புதுப் படகுக்கு அது ஓரளவு பொருந்தும். 20 வயதான படகைப் பாதி விலைக்கு வாங்குபவர் அதை நம்பினால் மாட்டிக்கொள்வார். படகின் விலை பாதியானாலும் பணியாளர் சம்பளமும் நிறுத்துமிட வாடகையும் டீசலும் பாதியாவதில்லை, பழுதுபார்ப்போ கூடவே செய்யும். அந்த 10 சதவீதத்தை, அதே அளவுள்ள புதுப் படகின் இன்றைய விலைக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை உறுத்தினால் ஓர் அளவு கீழே இறங்குவதே நல்லது.

அளவு என்றதும் நீளத்தைத்தான் பேசுவார்கள். விதிகள் பார்ப்பது வேறு மூன்று எண்களை. முதலாவது 24 மீட்டர். இது விளம்பரத்தில் வரும் முழு நீளம் அல்ல, நீர்மட்டத்தை ஒட்டி அளக்கும் நீளம். 26 மீட்டர் என விற்கப்படும் படகுகூட இந்தக் கணக்கில் 24-க்குள் அடங்கலாம். இந்த வரம்பைத் தாண்டினால் வாடகைக்கு விடும் படகுகளுக்கான கட்டுமான, பணியாளர் விதிகள் கடுமையாகும். 2021 ஜனவரி 1 முதல் கட்டத் தொடங்கிய படகாக இருந்தால், வட அமெரிக்கக் கரையோரம், வட கடல், பால்டிக் போன்ற பகுதிகளில் நைட்ரஜன் ஆக்சைடு புகைக்கான மூன்றாம் கட்ட வரம்பும் அதற்குப் பொருந்தும். இரண்டாவது 500 கிராஸ் டன். இது எடை அல்ல, உள்ளிடத்தின் கொள்ளளவு. 499 டன் யாட்கள் சந்தையில் இத்தனை இருப்பதற்கு இந்த எண்தான் காரணம். மூன்றாவது 12 பயணிகள். 13-வது பயணி ஏறினால் அது பயணிகள் கப்பலாகிவிடும், விதிப்புத்தகமே மாறிவிடும்.

ஒப்பந்தமும் முன்பணமும்

தரகரை உங்கள் பக்கமாகத் தனியே அமர்த்துங்கள். தரகுப் பணம் வழக்கமாக விற்பவர் தருவதிலிருந்தே இரு தரகர்களுக்கும் பிரிவதால் இதற்கு உங்களுக்குக் கூடுதல் செலவு பெரும்பாலும் வராது. விலை படிந்ததும் ஒப்பந்தம் எழுதி 10 சதவீத முன்பணம் கட்டுவது வழக்கம். அது விற்பவர் கையில் போகாமல் தரகரின் அல்லது வழக்கறிஞரின் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். சர்வேயும் (நிபுணரின் பரிசோதனை) கடலோட்டமும் (கடலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை) திருப்தி தராவிட்டால் முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் உரிமை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும்.

பதிவேட்டின் நகலில் அடமானம் இல்லை என்று கண்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது. பணியாளரின் சம்பள பாக்கி கடல்சார் சட்டப்படி படகையே பற்றிக்கொள்ளும். உரிமையாளர் மாறினாலும் விடாது, பதிவேட்டிலும் தெரியாது. கேப்டன் முதல் சமையல்காரர் வரை பாக்கியில்லை என்ற கையெழுத்து வாங்கிய பிறகே மீதிப் பணத்தை விடுவியுங்கள்.

சர்வே

வகைச் சங்கத்தில் (படகின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் அமைப்பு) சேர்ந்த படகுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய சர்வே உண்டு. படகைக் கரையேற்றி, தகட்டுத் தடிமன் அளந்து, தொட்டிகளையும் வால்வுகளையும் திறந்து பார்ப்பார்கள். விற்பனைக்கு வரும் படகுகளில் கணிசமானவை இந்தச் சர்வேக்குச் சற்று முன்னால்தான் வருகின்றன. இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். லாய்ட்ஸ், ரினா போன்ற சங்கத்தின் நிலை அறிக்கையை முதலில் கேளுங்கள். அடுத்த பெரிய சர்வேக்கு ஓராண்டுதான் இருக்கிறது என்றால் அதன் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுத்து நீங்களே கூலி கொடுங்கள். ஃபைபர் உடலென்றால் ஈரமானி வைத்துப் பார்த்து, அடிப்பகுதியில் கொப்புளம் தேடுவார். இரும்பு, அலுமினியம் என்றால் மீயொலிக் கருவியால் தடிமன் அளப்பார். துரு பெரும்பாலும் பளபளக்கும் வெளிப்பூச்சில் தெரியாது, வெப்பக்காப்புப் பஞ்சுக்குப் பின்னாலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும்தான் ஒளிந்திருக்கும். தேக்குத் தளத்தின் தடிமனையும் அளக்கச் சொல்லுங்கள். தேய்ந்த தளத்தை மாற்றுவது விலையுயர்ந்த வேலைகளில் ஒன்று.

கடலோட்ட நாளில் சீக்கிரமே போய் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் கிளம்பும் விதம்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை மிகுதி. வெப்பநிலை நிலைபெறும்வரை முழு வேகத்தில் ஓட்டுங்கள். என்ஜினுக்குக் குறித்த சுழற்சி வேகத்தை எட்டவில்லை என்றால் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் ஒட்டியிருக்கலாம், புரொப்பல்லர் பொருந்தாமல் இருக்கலாம், டர்போ களைத்திருக்கலாம். எண்ணெய் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நேற்று மாற்றிய எண்ணெயில் எதுவும் தெரியாது, ஆகவே எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள்.

வாங்குபவர்கள் பிரதான என்ஜின்களைப் பார்த்துவிட்டு ஜெனரேட்டரைக் கடந்து போகிறார்கள். படகு நங்கூரமிட்டு நிற்கும்போதும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். பிரதான என்ஜின் 3,000 மணி நேரம் ஓடிய படகில் ஜெனரேட்டர் அதைப் போல் பல மடங்கு ஓடியிருக்கும். போதாக்குறைக்கு, நீண்ட நாள் குறைந்த சுமையில் ஓடினால் எரியாத டீசல் படிந்து சிலிண்டர் சுவர் வழுவழுப்பாகி எண்ணெய் குடிக்கத் தொடங்கும். கடலோட்டத்தின்போது எல்லா ஏசியையும் சமையலறை அடுப்புகளையும் ஒரே நேரத்தில் போட்டு அதை உழைக்க வையுங்கள்.

வாங்கிய பிறகு

கொடி நாட்டை, அதாவது படகைப் பதிவுசெய்யும் நாட்டை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கேமன் தீவுகளா, மால்டாவா என்ற முடிவுதான் வரியையும் வாடகைக்கு விடும் உரிமையையும் பணியாளர் விதிகளையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நீர்ப்பரப்பில் வைத்திருப்பதாக இருந்தால் மதிப்புக்கூட்டு வரி கட்டிய சான்று படகிலேயே இருக்க வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், ஒன்றியத்தில் இல்லாத நாட்டின் கொடியுடன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவந்தால் வரியின்றி 18 மாதம் நிறுத்தலாம். காப்பீட்டில் படகு போகக்கூடிய எல்லை எழுதியிருக்கும். புயல் காலமான ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் நிற்கலாமா என்பது அங்கேதான் இருக்கிறது.

கரை மின்சாரக் கேபிள் வழியே பக்கத்துப் படகுகளோடு மின்தொடர்பு உண்டாகும். தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாவிட்டால், அரிப்பைத் தாங்களே ஏற்கும்படி படகின் அடியில் பொருத்தியிருக்கும் உங்கள் துத்தநாகக் கட்டிகள் பிறர் உலோகத்தையும் காப்பாற்றிச் சில மாதங்களில் கரைந்துபோகும். அதன்பின் அரிப்பு புரொப்பல்லரில் தொடங்கும். கட்டி பாதி கரைந்ததுமே மாற்றிவிடுங்கள். கடல்நீரை நன்னீராக்கும் கருவியின் சவ்வுக்குக் குளோரின் எமன், ஆகவே கரைத் தண்ணீரால் கழுவும்போது கரி வடிகட்டி வழியாகவே விடுங்கள்.

வாடகைக்கு விட்டால் படகு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விற்பனையாளர் சொல்வார். செலவில் ஒரு பங்கு திரும்ப வரும், அவ்வளவுதான். வாடகைக்கு மேல் விருந்தினர் முன்கூட்டிக் கட்டும் சுமார் 30 சதவீதம் டீசலுக்கும் உணவுக்கும் உரியது, அதில் மிச்சமாவது அவர்களுக்கே திரும்பப் போகும். அதை உங்கள் வருமானமாகக் காட்டும் மதிப்பீட்டுத்தாள் கையில் வந்தால், அந்தத் தொகையை அடித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள்.