பழைய ஃபிளாட்டைப் புதுப்பிக்கிறீர்களா? எதை இடிக்கிறீர்கள் என்று பாருங்கள்

சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், மயிலாப்பூர் பக்கம் 1980களிலும் 90களிலும் கட்டிய மூன்று மாடி ஃபிளாட்டுகள் ஏராளம். 550, 600 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஒரு ஒடுங்கிய பால்கனி. வீட்டை வாங்கினவர்களோ அவர்கள் பிள்ளைகளோ இப்போது ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கிறார்கள். அங்கே நடக்கிற தவறுகள் பெரும்பாலும் ஒரே வகைதான்: நன்றாக இருப்பதைப் பெயர்த்து எறிகிறார்கள், பெயர்த்தே ஆக வேண்டியதன் மேல் டைல் ஒட்டி மறைக்கிறார்கள்.

முதலில் போவது சமையலறைக் கடப்பா கல். மேடைக்குக் கீழே சுவரில் செருகிய அந்தக் கறுப்புப் பலகைகள் பார்க்க அழகில்லைதான். ஆனால் கரையான் அரிக்காது, சிங்க் ஒழுகினாலும் ஊறாது, நாற்பது வருஷத்துக்கு முன் வைத்தது இன்னமும் குக்கரையும் அரிசி டின்னையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதை உடைத்து மூட்டையில் வாரிப் போட்டுவிட்டு மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டில் மாடுலர் கிச்சன் போடுகிறார்கள். சிங்க்குக்கு அடியில் லேசான கசிவு இருந்தால் போதும், பலகையின் ஓரம் உப்பி, கீல் திருகு பிடிமானம் இல்லாமல் கதவு தொங்கும். கல்லை அப்படியே விட்டு, முன்னால் அலுமினியச் சட்டம் அடித்துக் கதவு மட்டும் போட்டுப் பாருங்கள். வெளியே பார்க்க மாடுலர்தான், உள்ளே கல். பிளைவுட்தான் வேண்டும் என்றால் சிங்க் பகுதிக்காவது ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிடபிள்யூபி, அதாவது கொதிநீரையும் தாங்கும் ரகம், வாங்குங்கள். எம்ஆர் என்கிற சாதாரண ரகப் பிளை ஈரக்காற்றைத் தாங்கும், தேங்குகிற தண்ணீரைத் தாங்காது. கடைக்காரர் வாயால் சொல்கிற ‘வாட்டர்ப்ரூஃப் சார்’ கணக்கில் வராது, பலகையில் முத்திரையைப் பாருங்கள்.

மொசைக் தரைக்கும் இதே கதி. மங்கிப்போன மொசைக்கை மெஷினால் தேய்த்து பாலிஷ் போட்டால் திரும்பவும் பளிச்சென்று வரும் என்பதே பலருக்கு நினைவில்லை. அதன் மேலேயே விட்ரிஃபைட் டைல் ஒட்டினால் பசையோடு சேர்த்துத் தரை ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரும், அப்புறம் எல்லாக் கதவின் அடியையும் அறுக்க வேண்டும், பால்கனி மட்டமும் பாத்ரூம் படியும் மாறிப்போகும். 2 அங்குலக் கலவை கொட்டிப் பதித்தாலோ சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் புதுச் சுமை. அந்த வயசு ஸ்லாப் மேல் நானாக இருந்தால் ஏற்ற மாட்டேன்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள சுவரைத் தட்டி ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்குவது இன்னொன்று. பழைய மூன்று மாடிக் கட்டிடங்கள் பலவற்றில் தூண், பீம் சட்டகமே கிடையாது, சுவர்கள்தான் மேல்மாடியின் பாரத்தைத் தாங்குகின்றன. நாலரை அங்குலச் சுவர் என்றால் தைரியமாகத் தட்டலாம் என்பது மேஸ்திரி கணக்கு. அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் இருக்கிறது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் சுத்தியல் எடுக்க விடாதீர்கள். சுவர் போனாலும் பரவாயில்லை என்று அவர் சொன்னாலும், மிளகாய் வத்தல் தாளித்தால் படுக்கையறையில் இருமுகிற வீடு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். சிம்னிக் குழாயை வெளியே விட இடமில்லாத சமையலறை என்றால் சுவர் இருப்பதே நல்லது.

ஃபால்ஸ் சீலிங்கும் பால்கனி அடைப்பும் சேர்ந்து காற்றைக் கொல்லும். தேசியக் கட்டிட விதித் தொகுப்பு குடியிருக்கும் அறைக்குச் சொல்கிற குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், ஏறத்தாழ 9 அடி. ஒன்பதரை அடி அறையில் அரையடிக்கு மேல் சீலிங்கை இறக்கினால் அதற்கும் கீழே போய்விடுகிறீர்கள், மின்விசிறியும் தலைக்குக் கிட்ட வந்துவிடும், கதவுக்கு மேல் இருந்த வெண்டிலேட்டரும் அடைபடும். மேல்மாடியாக இருந்தால் மொட்டைமாடி ஒழுகுவதுகூட ஜிப்சம் சீலிங் கறுக்கிற வரைக்கும் தெரியாது.

சரி, எதைத்தான் உடைப்பது? பாத்ரூமை. இங்கேதான் கஞ்சத்தனம் வருகிறது, ‘பழைய டைல் மேலேயே ஒட்டிடலாம்’ என்று. பழைய வீட்டு பாத்ரூமின் பிரச்சினை டைலில் இல்லை, அதன் அடியில் இருக்கிறது: குழியான ஸ்லாபில் செங்கல் ஜல்லியைக் கொட்டி மூடிய நிரப்பு, அதற்குள் துருப்பிடித்த குழாய், வருஷக்கணக்காக ஊறிய ஈரம். ஸ்லாப் தெரிகிற வரை எல்லாவற்றையும் வாரி எடுத்து, குழாய்களை மாற்றி, சுவரிலும் ஓரடியாவது ஏற்றி வாட்டர்ப்ரூஃபிங் பூசுங்கள், குளிக்கிற பக்கம் இன்னும் உயரமாக. டைல் போடுவதற்கு முன் வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழ்வீட்டு மாமியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, அவர்கள் வீட்டு பாத்ரூம் கூரையைப் போய்ப் பாருங்கள். டைல்காரர் அவசரப்படுத்துவார். விடாதீர்கள்.

ஷவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டில் உங்கள் ஷவருக்கும் தொட்டிக்கும் இடையில் 3 மீட்டர்தான் என்றால் 0.3 பார். அதில் பெரிய ரெயின் ஷவர் மாட்டினால் மழை வராது, சொட்டும். போர் தண்ணீரில் கறுப்புக் குழாய்களும் கண்ணாடித் தடுப்பும் உப்புக்கறை பிடித்து ஒரே மாதத்தில் அசிங்கமாகிவிடும் என்பதும் ஷோரூமில் தெரியாது.

வயரிங்கும் அப்படியே. சுவிட்ச் பலகையை மட்டும் புதிதாக்கி உள்ளே பழைய வயரை விட்டுவைப்பது வீண் செலவு, ஆபத்தும்கூட. விளக்குக்கு 1.5, சாதாரண பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், எல்லா பிளக்குக்கும் எர்த், வீட்டுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. பூசுவதற்கு முன் எல்லாச் சுவரையும் அளவு டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது உதவும்.

அளவு விஷயத்தில் ஒரு கூட்டல் கழித்தல் போதும். பத்தடி அறையில் ஆறரையடிக் கட்டிலை நீளவாக்கில் போட்டு, கால்மாட்டுச் சுவரில் இரண்டடி அலமாரி கட்டினால் நடுவில் மிச்சம் ஒன்றரையடி. நீங்கள் நடப்பீர்களா, கதவைத் திறப்பீர்களா? பத்திரத்தில் இருக்கும் சதுர அடியை நம்பியும் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள், அதில் படிக்கட்டின் பங்குகூடச் சேர்ந்திருக்கலாம். சோபா மாடிப்படி திருப்பத்தில் ஏறுமா என்பதையும் அளந்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: கட்டிடத்தையே இடித்துக் கட்டுகிற பேச்சு ஃபிளாட் உரிமையாளர் சங்கத்தில் ஓடுகிறதா? 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தபின் எல்லாருடைய கையெழுத்தும் தேவையில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதனால் உங்களுக்கு விருப்பமில்லை என்பதால் மட்டும் பேச்சு நின்றுவிடாது. பில்டர் வந்து அளந்துவிட்டுப் போனார் என்று காதில் விழுந்தால் வயரிங், கசிவு, பெயின்ட் இதோடு நிறுத்திக்கொண்டு, சுவரோடு சேர்த்துக் கட்டுகிற அலமாரிக்குப் பதில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பீரோவாக வாங்குங்கள்.