தேர் எடையில் அரைச் சவரன்: கதிரியக்கக் கருவின் நிறையை அளப்பது எப்படி?

நெல்லையப்பர் தேர் சுமார் 450 டன் என்பார்கள். அதன் மேல் யாரோ ஒரு அரைச் சவரன் மோதிரத்தை மறந்து வைத்திருந்தால், தேரை நிறுத்துப் பார்த்தே அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்துக் கோடியில் ஒரு பங்கு துல்லியம் என்பது கிட்டத்தட்ட இதுதான்.

பீட்டா சிதைவை (கருவிலுள்ள புரோட்டான் நியூட்ரானாகவோ, நியூட்ரான் புரோட்டானாகவோ மாறுவதை) ஆராய இந்த அளவு துல்லியம் எதற்கு? தாய், சேய் அணுக்களின் நிறை வித்தியாசத்தையே க்யூ மதிப்பு என்கிறோம். சிதைவின் வேகம் ஏறக்குறைய அதன் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்தது. க்யூவில் 0.03 சதவீதம் பிசகினால் முடிவில் 0.15 சதவீதம் பிசகும்.

எடுத்துக்காட்டுக்கு வனேடியம்-46. அரைவாழ்வு 0.42 விநாடி, சிதைந்து டைட்டானியம்-46 ஆகும். கூடங்குளம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். உலையில் பிறப்பவை நியூட்ரான் மிகுந்த துண்டுகள். இதுவோ புரோட்டான் மிகுந்த கரு. முடுக்கியில்தான் உண்டாக்க முடியும்.

படி 1: சுத்தம் செய்தல்

முடுக்கியிலிருந்து வரும் கற்றையில் டைட்டானியம்-46-உம் கலந்தே வரும். நிறை எண் ஒன்றே என்பதால் சாதாரணக் காந்தம் இரண்டையும் பிரிக்காது. ஹீலியம் வாயு நிரப்பிய முதல் பென்னிங் பொறியில் (காந்தப்புலத்தாலும் மின்புலத்தாலும் அயனிகளைப் பிடித்துவைக்கும் கருவி) வேண்டிய அயனியை மட்டும் நடுவுக்குக் கொண்டுவந்து, சிறு துளை வழியாக அடுத்த பொறிக்கு அனுப்புகிறார்கள். இங்கே சோம்பினால் பின்னால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

படி 2: சுழலவிட்டு எண்ணுதல்

நிறையை நேரடியாக யாரும் நிறுப்பதில்லை. காந்தப்புலத்தில் அயனி சுழலும் அதிர்வெண்தான் அளவு: மின்னூட்டத்தைக் காந்தப்புலத்தால் பெருக்கி, 2 பை மடங்கு நிறையால் வகுக்க வேண்டும். 7 டெஸ்லா வலிமையுள்ள காந்தப்புலத்தில், ஓர் எலக்ட்ரான் இழந்த டைட்டானியம்-46 விநாடிக்குச் சுமார் 23,39,000 முறை சுற்றும். வனேடியம் அதைவிட 385 சுற்று குறைவு. அந்த 385-இல்தான் க்யூ முழுவதும் அடங்கியிருக்கிறது.

ரேடியோ அலையால் அயனியைத் தூண்டி வெளியே விடுங்கள். அலை சரியான அதிர்வெண்ணில் இருந்தால் அயனி ஆற்றல் ஏறி, உணர்கருவியை மற்றவற்றைவிடச் சீக்கிரம் அடையும். அலையின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றி, பறக்கும் நேரத்தை வரைபடமாக்கினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். 0.3 விநாடி தூண்டினால் பள்ளத்தின் அகலம் 3 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நிறை வித்தியாசத்தை ஆற்றல் அலகில் சொல்வது வழக்கம். ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) வித்தியாசம் என்பதோ 0.055 ஹெர்ட்ஸ்தான். ஆகவே ஒரு கேஇவி துல்லியத்துக்கு, பள்ளத்தின் மையத்தை அகலத்தில் 55-இல் ஒரு பங்குக்குள் பிடிக்க, தோராயமாக 3,000 அயனிகள் வேண்டும்.

தூண்டும் நேரத்தைக் கூட்டினால் பள்ளம் குறுகும், ஆனால் அயனிகள் சிதைந்து போகும். 0.3 விநாடியில் 61 சதவீதம் மிஞ்சும், 0.6 விநாடியில் 37 சதவீதம். இருந்தும் கணக்குப் போட்டால் 0.6-தான் லாபம். துல்லியம் நேரத்தோடு நேராகக் கூடுகிறது, அயனி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு மட்டுமே குறைகிறது.

நேரத்தைக் குறைத்தால் வேறு வினை. பொட்டாசியம்-38-க்கு 130 கேஇவி மேலே இன்னொரு நிலை (அதே கருவின் ஆற்றல் கூடிய வடிவம்) உண்டு. 7 டெஸ்லாவில் இடைவெளி 10 ஹெர்ட்ஸ்தான். 0.05 விநாடி மட்டும் தூண்டினால் அகலம் 18 ஹெர்ட்ஸ். இரண்டு பள்ளமும் ஒட்டி ஒன்றாகிவிடும். கிடைக்கும் நிறை இரண்டில் எதுவுமாக இருக்காது.

படி 3: மாற்றி மாற்றி அளத்தல்

காந்தப்புலம் ஒரே இடத்தில் நிற்காது. அறை வெப்பநிலை ஏறி இறங்கினாலே நகரும். அதனால் சேய், தாய், மறுபடி சேய் என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றி அளந்து, இரு சேய் அளவுகளின் இடைமதிப்பைத் தாயோடு ஒப்பிட வேண்டும். நிறை எண் ஒன்றே என்பதால் கருவியின் பிழைகளில் பெரும்பகுதி விகிதத்தில் அடிபட்டுப் போகும். பொறிக்குள் ஒரே சமயத்தில் ஓரிரு அயனிகள் போதும். கூட்டம் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளி அதிர்வெண்ணை நகர்த்தும்.

படி 4: கணக்கு

எக்ஸெலில் போட்டுப் பார்க்கலாம். பயிற்சிக்கு அதிர்வெண் விகிதத்தை (சேய் ÷ தாய்) 1.000164762 என்று வையுங்கள். அதிலிருந்து 1-ஐக் கழித்து, சேய் அயனியின் நிறையால் பெருக்குங்கள். டைட்டானியம்-46 அணு 45.95263 அணு நிறை அலகு, எலக்ட்ரான் 0.00054858-ஐக் கழித்து, 931.494-ஆல் (ஓர் அணு நிறை அலகுக்கு இத்தனை மெகா எலக்ட்ரான் வோல்ட்) பெருக்கினால் 42,804.09 மெகா எலக்ட்ரான் வோல்ட். விடை சுமார் 7052.5 கேஇவி.

எலக்ட்ரானைக் கழிக்க மறந்தால் 0.08 கேஇவி தப்பு. விகிதத்தை ஆறு தசமத்தில் வெட்டினால் பல பத்து கேஇவி போய்விடும். ஒன்பதுக்குக் கீழே இறங்கவே கூடாது.

பழைய அட்டவணையில் இதே க்யூ 7050.71 கேஇவி என்றிருக்கும். 2005-இல் கனடியப் பென்னிங் பொறியில் அளந்தபோது 7052.90 வந்தது. மறு ஆண்டே ஃபின்லாந்தின் யுவாஸ்கூலாவில் 7052.72. எந்த அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்தாலும் முதலில் ஆண்டைப் பாருங்கள்.