கிரீம் சீஸைக் கப்பில் அளந்தால் எங்கே தவறும்?

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் முறுக்கு, அதிரசத்தோடு சீஸ் கேக்கும் வைக்கிற வீடுகள் கோலாலம்பூரில் உண்டு. செய்முறை அமெரிக்காவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ வந்திருக்கும். சீஸ் மட்டும் பக்கத்துப் பேரங்காடியில் வாங்கியது. அளவு பிசகுவது இந்த இடத்தில்தான்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பாக்கெட் கணக்கில். அமெரிக்கச் செய்முறையில் ஒரு பாக்கெட் கிரீம் சீஸ் என்றால் 8 அவுன்ஸ், அதாவது 227 கிராம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 250 கிராம் கட்டி. நான்கு பாக்கெட் போடச் சொன்னால் அவர்கள் கணக்கு 908 கிராம். நாம் போடுவது முழுசாக ஒரு கிலோ. முட்டையும் சர்க்கரையும் பழைய அளவிலேயே இருக்க, சீஸ் மட்டும் 92 கிராம் கூடிவிடுகிறது. நடுப்பகுதி வேக நேரம் இழுக்கும். அடுப்பைக் குறை சொல்லிப் பயனில்லை.

அந்த 8 அவுன்ஸ் எடையைக் குறிக்கிறது. அளவுக் குவளையில் 8 அவுன்ஸ் கோடு போட்டிருப்பது நீர்மத்தின் கொள்ளளவுக்கு. அழுத்தி நிரப்பிய சாதாரண கிரீம் சீஸ் ஒரு அமெரிக்கக் கப்புக்குச் சுமார் 230 கிராம் வருவதால், இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது. காற்றடித்து மென்மையாக்கிய டப்பா சீஸில் இந்தக் கணக்கு நிற்காது: அதே கப்பில் ஏறக்குறைய 160 கிராம்தான் இருக்கும். ரொட்டியில் தடவ அது நல்ல சீஸ், சரி. சீஸ் கேக்குக்கு வேண்டாம்.

கப்பும் ஒரே கப் இல்லை. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியக் கப் 250. உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் வெறும் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்புங்கள். கிராம் எவ்வளவோ மில்லியும் அவ்வளவே. மேசைக்கரண்டியில் வித்தியாசம் விகிதப்படி இன்னும் பெரிது. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி, மற்ற இடங்களில் பொதுவாக 15.

அப்புறம், கிரீம் சீஸின் கணக்கை எல்லா மென் சீஸுக்கும் பொருத்துவது. ரிக்கோட்டா ஒரு கப் 250 கிராமை ஒட்டி வரும், உதிர்த்த ஃபெட்டாவோ 150 கிராம்தான். துண்டுகளுக்கு நடுவே இருக்கிற காற்றையும் சேர்த்துத்தானே அளக்கிறோம்! பனீரும் அப்படித்தான்: பெரிய துண்டா, சிறிய துண்டா, துருவியதா என்பதைப் பொறுத்துக் கப்பின் எடை மாறும். ரிக்கோட்டாவில் இன்னொரு சங்கதி, தண்ணீர். வடிகட்டச் சொல்லியிருந்தால், எடை வடிகட்டுவதற்கு முன்னா பின்னா என்று செய்முறையைப் படித்துப் பாருங்கள். உப்புநீரில் ஊறிய ஃபெட்டாவுக்கு, டப்பாவில் தனியாக அச்சிட்டிருந்தால், நீர் வடித்த எடையைத்தான் பார்க்க வேண்டும்.

கரண்டியில் ஒட்டிக்கொள்வதை வழித்து அளப்பது வீண் வேலை. டப்பாவைத் திறந்தபடியே தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வேண்டியதை எடுத்துப் பாத்திரத்தில் போடுங்கள். 60 கிராம் வேண்டுமென்றால், தராசு கழித்தல் 60 காட்டும்போது நிறுத்தலாம்.