அனமார்ஃபிக் லென்ஸில் படம் ஆடினால்

காங்கேயம் பக்கம் ஒரு பட்டியில் மயிலைக் காளையைப் படமெடுத்தேன். மிர்ரர்லெஸ் கேமராவில் 50 மி.மீ., 1.6 மடங்கு அனமார்ஃபிக் லென்ஸ்; அதாவது படத்தை அகலவாக்கில் 1.6 மடங்கு சுருக்கிப் பதியும், பிறகு நாம் விரித்துக்கொள்ள வேண்டும். கேமரா திரையில் படம் குறுகித்தான் தெரியும். பட்டிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, எங்க காளை இப்படி ஒட்டிப்போயா இருக்குது?" என்றார். விரித்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்.

அது சிரிப்போடு போனது. கையில் பிடித்து நடந்த ஷாட்கள்தான் தொல்லை: ஓரங்கள் பக்கவாட்டில் ஜெல்லி போல ஆடின. ட்ரைபாடில் எடுத்தவை சுத்தம். அப்படியென்றால் சந்தேகம் கேமராவின் ஸ்டெபிலைசேஷன் மேல்தான்; கை ஆட்டத்தை ஈடுகட்ட, படம் பதியும் சென்சாரை நகர்த்தும் வசதி அது.

இந்த லென்ஸில் மின்தொடர்பு கிடையாது. குவியத் தூரத்தைக் கேமராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். லென்ஸில் உள்ளபடி 50 கொடுத்திருந்தேன். உயரவாக்கில் அது சரி. அகலவாக்கிலோ லென்ஸ் படத்தைச் சுருக்குவதால், 50ஐ 1.6ஆல் வகுத்து 31 மி.மீ. போலத்தான் நடக்கிறது. கேமரா இரண்டு திசைக்கும் ஒரே எண்ணை வைத்து சென்சாரை நகர்த்துகிறது. பக்கவாட்டில் தேவைக்கு மேல் இழுக்கிறது.

எண்ணை 31 ஆக்கினேன், ஆட்டம் நின்றது. மேலும் கீழுமாகக் கொஞ்சம் அதிர்வு மிஞ்சும், பரவாயில்லை, கண்ணுக்கு அது இயல்புதான். சென்சாரை நகர்த்தாமல் படத்தையே வெட்டி நகர்த்தும் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். லூமிக்ஸ் எஸ்1எச் போன்ற சில கேமராக்களில் அனமார்ஃபிக்குக்கென்றே தனி ஸ்டெபிலைசேஷன் உண்டு. அது இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

அப்புறம் எடிட்டிங்கில் படத்தை விரிக்க, உயரத்தை 1.6ஆல் வகுத்து 62.5 சதவீதமாக்கினால் 3840×2160 படம் 3840×1350 ஆகும். அகலத்துக்கும் உயரத்துக்கும் 2.84:1 என்ற விகிதம் போனில் பார்க்க ரொம்ப நீளம். நான் ஓரங்களை வெட்டி 2.39:1க்குக் கொண்டுவந்துவிடுகிறேன்.