தொட்டால் தாய் சேர்க்காதா? கூடுகட்டும் காலத்தில் நாம் செய்யும் பிழைகள்

வேப்பமரத்தடியில் மைனாக் குஞ்சு கிடந்தால், "தொடாதே, மனுச வாடை பட்டா தாய் சேர்க்காது" என்பார்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த நல்ல பொய். மைனாவோ குருவியோ வாடை பார்த்துக் குஞ்சை ஒதுக்குவதில்லை.

அதைவிடப் பெரிய தவறு, குஞ்சை உடனே வீட்டுக்குத் தூக்கி வருவது. முதலில் இறகைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் குட்டையாக, தத்தித் தத்திப் போகிறதா? அது விழுந்த குஞ்சு இல்லை, கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. பல சிறு பறவைகள் சரியாகப் பறக்க வருமுன்பே இறங்கிவிடும்; தாயும் தகப்பனும் பக்கத்துக் கொப்பிலிருந்து வந்து இரை கொடுக்கும். பூனை எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகுங்கள். நீங்கள் நிற்கும்வரை தாய் வராது. தோல் தெரிகிற, கண் திறக்காத குஞ்சைத்தான் கூட்டில் திருப்பி வைக்க வேண்டும். கூடு சிதைந்திருந்தால் சின்ன ஓலைப்பெட்டியின் அடியில் துளையிட்டு, காய்ந்த புல் பரப்பி, அதே மரத்தில் நிழலாகக் கட்டலாம்.

வாயில் தண்ணீர் சொட்டு விடவே கூடாது. பறவையின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால் செரிக்காது. பால்சோறும் வேண்டாம்: தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டுகிறது.

தரிசில் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் கால் பக்கத்திலேயே முட்டை இருக்கலாம். கூடு என்று ஒன்றும் இருக்காது. சிறு பள்ளம், நாலு கூழாங்கல், அதே நிறத்தில் பெரும்பாலும் நாலு முட்டை. இங்கே நடக்கும் தவறு, முட்டையைப் பாவம் பார்த்து வரப்போரமாக நகர்த்துவது. பறவை தேடுவது பழைய இடத்தைத்தான். சுற்றிலும் இரண்டு மூன்று மீட்டர் விட்டு உழுதால் போதும். அடைகாப்பு ஏறக்குறைய 28 நாள். பொரித்த குஞ்சு உடம்பு காய்ந்ததும் ஓடிவிடும். நம்மூர் உச்சி வெயிலில் ஆள்காட்டி முட்டைமேல் உட்காராமல் நின்றால் சூடு கொடுக்கவில்லை என்று நினைக்காதீர்கள், அது நிழல் கொடுக்கிறது. வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. அந்த நேரத்தில் விரட்டினால் முட்டை வெந்துபோகும்.

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் அதே கணக்குதான். 1994இல் பறவைச் சரணாலயமாகி, பிறகு உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த ஊர். "வெளிநாட்டுப் பறவை வந்து குஞ்சு பொரிக்குது" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பொரிப்பவை கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை போன்ற நம் நாட்டுப் பறவைகள். வரித்தலை வாத்து பனிக்காலத்துக்கு வந்து போகும் விருந்தாளி; அது முட்டையிடுவது திபெத், மங்கோலியா பக்கம். கூழைக்கடாக் குஞ்சு தாயின் பைக்குள் தலையை விட்டுத்தான் மீன் எடுக்கும். தாய் குஞ்சை விழுங்குகிறது என்று பதறிக் கல்லெறிய வேண்டாம். கருவேல மரத்துக் குச்சித் தட்டில் இருக்கிற குஞ்சுக்கு வெயிலில் குடை தாயின் சிறகுதான். வெடிச்சத்தம் கேட்டோ டிரோனைக் கண்டோ பெரியவை மொத்தமாக எழும்பினால் முட்டை உருளும், காக்கை இறங்கும். அந்த ஊரார் தீபாவளிக்கு வெடி போடாதது இதனால்தான்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைப்பவர்கள் தவறுவது ஓட்டையில். 32 மில்லிமீட்டர் போதும். பெரிதானால் மைனா புகுந்துவிடும். ஓட்டைக்குக் கீழே குச்சி செருகாதீர்கள், குருவிக்கு அது தேவையில்லை, முட்டை திருட வருவதற்குத்தான் உட்கார இடம். தகரம் வேண்டாம், மேற்கு வெயில் வேண்டாம், மின்விசிறி சுற்றும் அறையில் வேண்டவே வேண்டாம். ஒரு ஈடு பறந்ததும் கழற்றாதீர்கள். அதே ஆண்டில் மறுபடி முட்டையிடும்.

கொண்டை போன மொட்டைப் பனையை வெறும் விறகாகப் பார்ப்பதும் தவறு. கிளி, புள்ளி ஆந்தை, பனங்காடை எல்லாம் அந்தப் பொந்துகளை நம்பியவை. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் அடியில் தட்டிப் பார்த்து, சில நாள் காலையில் பறவை போய்வருகிறதா என்று கவனித்துவிட்டு வெட்டுங்கள்.

கிணற்றோரப் பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை அலங்காரத்துக்கு அறுப்பவர்களுக்கு ஒன்று. பழைய கூட்டிலும் வெண்தொண்டைச் சில்லை குடியிருக்கலாம். குழல் இல்லாத அரைக்கூடு பாதியில் விட்டுப்போனது போலத் தெரியும். ஆண் குருவி தலைக்கவசம் அளவுக்குப் பின்னிவிட்டு, பெண் வந்து பார்த்துச் சம்மதிக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருப்பதுதான் அது. சம்மதித்த பிறகே குழல் நீளும்.