குளிக்க வைக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிடலாம்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளையிடம் உடம்பைப் பற்றிப் பேச, தனியாக உட்கார வைத்துப் பாடம் எடுக்க வேண்டாம். குளிக்க வைக்கும் நேரமே போதும். கை, முழங்கால், தொப்புள் என்று சொல்லிக்கொண்டே வரும்போது ஆண்குறி, பெண்ணுறுப்பு என்பதையும் அதே குரலில் சொல்லிவிடுங்கள். "ஷேம் ஷேம்" வேண்டவே வேண்டாம். அப்படிப் பழகிய பிள்ளை, அங்கே வலித்தாலும் யாராவது தொட்டாலும் சொல்லத் தயங்கும்.

இதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஜட்டி மறைக்கும் இடத்தைக் கழுவிவிட அம்மா, அப்பா, பாட்டி; உடம்பு சரியில்லை என்றால், நாம் பக்கத்தில் இருக்கும்போது டாக்டர். மற்றவர்கள் தொடவோ, பார்க்கவோ, போட்டோ எடுக்கவோ கூடாது. தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது. வீட்டு ஆளே ஆனாலும் பிடிக்காதபடி தொட்டால் சொல்லலாம். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யாராவது சொன்னால், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

முத்தம் கொடுக்க மாட்டேன் என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள். "கொடுடா, மாமா கோவிச்சுக்குவார்" என்று நாமே தள்ளிவிட்டால் சொன்னதெல்லாம் வீண். (மாமா கோவித்துக்கொண்டால் கோவித்துக்கொள்ளட்டும்!)

"பாப்பா எப்படி வந்துச்சு?" என்றால், "அம்மா வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒரு இடம் இருக்கு, அங்க வளர்ந்துச்சு." இந்த வயதுக்கு அவ்வளவு போதும். அடுத்த கேள்வி வரும்போது அடுத்த பதில்.

பிள்ளை ஏதாவது சொன்னால் அதட்டாமல், துருவாமல் முழுதாகச் சொல்ல விடுங்கள். உதவிக்கு இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.